கறுத்துப்போகிற தகடுகள்

ஜூன் 11, செவ்வாய். கிட்வே

இன்றும் கறுப்பு.

நேற்று மதியம் உலையை அணைத்துவிட்டு, வழக்கம்போல மூடியே ஆறவிட்டேன். காலையில் திறந்தால் நாலு கண்ணாடித் தகடும் அடுப்புக்கரி. உள்ளே வைக்கும்போது செம்பு ஆக்சைடு படலம் செங்கல் நிறத்தில் அவ்வளவு அழகாக இருந்தது. சூட்டில் பதமாகி, அந்தச் சிவப்பு வெயிலை வாங்கி மின்சாரம் தர வேண்டும். கறுத்தால் எனக்கு உதவாது. மார்ச்சில் இதே உலையில், இதே சூட்டில் சிவப்பாக வந்ததே? அதை நம்பித்தானே ஆய்வேட்டில் பாதியை எழுதிவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

என் ஆய்வு வழிகாட்டி டாக்டர் கபாசோ கூப்பிட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"ஒரு மாசம் மட்டும் வந்தா அது அதிர்ஷ்டம், லொம்பே. திரும்பத் திரும்ப வந்தாத்தான் ஆராய்ச்சி. ஜூலைக்குள்ள வரலைன்னா இதை மூட்டை கட்டிட்டு வேற தலைப்பு பாரும்மா."

வேறு தலைப்பா? இத்தனை வருஷத்தைத் தூக்கிக் குப்பையில் போடச் சொல்கிறார்.

ஜூன் 17, திங்கள்

பகல் முழுக்க மின்வெட்டு. ஜூன் குளிருக்கு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூன் 21, வெள்ளி

எதிர் மேசையில் கலுபா இருந்தவரை இந்த அறையில் பேச்சு ஓயாது. ஏப்ரலில் சோல்வேசி சுரங்கத்தில் வேலை கிடைத்துப் போனான். போனவன் ஒரு போன் பண்ணினானா? இல்லை. நானும் பண்ணவில்லை. நான் எதற்குப் பண்ண வேண்டும் — போனது அவன்தானே?

அவன் மேசையில் யாரோ காலி டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜூன் 26, புதன்

ரசாயனத்தை மாற்றினேன், கண்ணாடியை மாற்றினேன். கறுப்பு.

"மார்ச்ல உன்கூட யாரு இருந்தா? கலுபாதானே? கேட்டியா?" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர்."

"ஏன்?"

என்ன சொல்ல? அவன் என்னை மறந்துட்டான், எனக்குக் கேக்க வாய் வரலைன்னா?

ஜூன் 29, சனி

மானத்தை விட்டுக் கூப்பிட்டேன்.

"லொம்பேயா? சுரங்கமே இடிஞ்சு விழுந்தாத்தான் நீ கூப்பிடுவேன்னு நெனச்சேன்."

"நீ கூப்பிட்டியா?"

"நீ கோவத்துல இருப்பேன்னு நெனச்சேன். உன் தகடெல்லாம் கறுத்துப்போகுதுன்னு கேள்விப்பட்டேன்; உலைய நான் கெடுத்ததாலதான்னு நீ கண்டுபிடிச்சிருப்பேன்னு."

"என்னடா பண்ணினே?"

"சிரிக்காதே. நீ உலைய அணைச்சிட்டு சாப்பிடப் போவேல்ல? நீ அந்தப் பக்கம் போனதும் கதவத் திறந்துவிட்ருவேன். சூடு தணிஞ்சதும் என் சாப்பாட்டு டப்பாவ உள்ள வெப்பேன். நீ வர்றதுக்குள்ள எடுத்துட்டு மூடிடுவேன். ஆறிப்போன ந்ஷிமாக் களிய மனுஷன் தின்பானா?"

"தினமுமா?"

"களி தினமும்தானே திங்கறோம்."

செங்கல் உலை. மூடியே கிடந்தால் மறுநாள் வரை சூடு போகாது. நான் ஆறுகிறது என்று நினைத்த நேரமெல்லாம் தகடுகள் உள்ளே வெந்து கறுத்திருக்கின்றன. மார்ச்சில் அவன் திறந்துவிட்டதால்தான் தப்பித்தன. "மடையா, நீ கெடுக்கலடா, நீதான்டா காப்பாத்தினே" என்று கத்தினேன். பிறகு அழுதுவிட்டேன். அவனும் என்னைப் போலவே உட்கார்ந்திருந்திருக்கிறான், கோபமாக இருப்பாள் என்று.

ஜூலை 2, செவ்வாய்

அணைத்தவுடன் கதவைத் திறந்தேன். சிவப்பு!

ஜூலை 19, வெள்ளி

டாக்டர் கண்ணெதிரே இன்னொரு தடவை செய்து காட்டினேன். எல்லாமே சிவப்பு. "தலைப்பை மாத்த வேணாம், எழுதி முடி" என்றார். கதவைத் திறக்க எப்படித் தோன்றியது என்று கேட்டார். சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "அவன் பேரையும் போடு" என்றபடி போனார்.

அறையில் நான் மட்டும். கலுபாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஷிஃப்டில் இருப்பான். தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இங்கே பாரு என்று சொல்ல ஆளில்லை.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான். ஹலோகூட இல்லை. "சிவப்பா?"

"சிவப்பு."

அதன் பிறகு வாய் ஓயவில்லை அவனுக்கு. சுரங்கத்துச் சாப்பாடு, மேஸ்திரியின் குறட்டை, சோல்வேசிக் குளிர். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். போனை வைத்ததும் அறை முன்னைவிட அமைதியாகிவிட்டது.