ஆம்பிளைகளுக்கும் ஒரு கிளினிக் நாள்

என் ஆசை அப்பாவுக்கு,

உங்கள் பேரன் இப்போது உடம்பு பிரட்டுகிறான். மூக்கு அப்படியே உங்களுடையது. இந்தச் செய்தியோடு நிறுத்திக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா.

உங்கள் மருமகன் அன்ரனுக்கு இடது கை நோகிறது.

“கயிறு இழுத்த நோ” என்கிறார். நீங்களும் அதையேதான் சொன்னீர்கள். கரைவலை இழுக்கிறவர்களுக்கு உடம்பில் வரும் எந்த நோவும் கயிற்று நோதான். அம்மா எண்ணெய் தடவிவிட்டா. நீங்கள் விடிய எழும்பிக் கடற்கரைக்குப் போனீர்கள். இடையில் கயிற்றை விட்டால் பக்கத்தில் நிற்பவனுக்குப் பாரம் என்று, வலையின் மடி கரையேறும்வரை இழுத்துவிட்டு மணலில் இருந்தீர்கள். பிறகு எழும்பவில்லை. மாரடைப்பு என்று டொக்டர் சொன்னபோது சனம் நம்பவில்லை. “நெஞ்சு நோகேல்லையே, கைதானே நொந்தது” என்றார்கள்.

அன்று அன்ரனும் அதே கயிற்றில்தான் நின்றார். எல்லாவற்றையும் கண்டவர். அவருக்குப் பயமில்லையா, அல்லது பயந்துதான் பேசாமல் இருக்கிறாரா?

இன்று பிள்ளைக்கு நிறை பார்க்கும் கிளினிக். வழமைபோல எங்களைச் சைக்கிளில் ஏற்றி வந்தவர், மற்ற ஆம்பிளைகளோடு படலைக்கு வெளியே நின்றுவிட்டார். அந்தப் படலையைத் தாண்டி அவர்கள் வருவதில்லை. நான் பிள்ளைப்பேறு பார்க்கும் மிட்வைவ் அக்காவின் காதுக்குள் விசயத்தைச் சொன்னேன்.

“இது தாய் பிள்ளை கிளினிக். அவர் காலமை பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகவேணும்.”

“காலமை வலை அக்கா. ஞாயிறுதான் வலை வைக்கிறேல்லை, பூசைக்குப் போற நாள்.”

“ஞாயிறு அங்க டொக்டரைப் பாக்கிறதுக்குத் துண்டு குடுக்கிறேல்லை.”

வரிசையில் நின்ற பிள்ளைத்தாச்சி ஒருத்தி கேட்டுவிட்டாள். “எங்களுக்கே இரும்புச்சத்துக் குளிசை இல்லை. இனி இவையளுக்கும் பங்கு வைக்கிறதோ?”

அவள் சொன்னதில் பிழையில்லை. சண்டையால் பூட்டின பாதை எப்போது திறக்கும், மருந்து எப்போது வரும் என்று தெரியாத இடத்தில் வேறு எப்படிக் கேட்பாள்? அக்கா என் முகத்தைப் பார்த்தா. பிறகு படலைப் பக்கம் போய், “தம்பி, பிள்ளையைப் பிடிக்க ஆள் வேணும், உள்ள வாரும்” என்று கூப்பிட்டா. வந்தவரைக் கதிரையில் இருத்தி, கையில் பிறசர் பட்டியைச் சுற்றினா.

“அன்ரனுக்கு எத்தினையாம் மாதம்?” என்று ஒருத்தி கேட்க எல்லோரும் சிரித்தார்கள்.

“வெளியில நிக்கிற உங்கட மனுசனைப் பாருங்கோ, அவருக்குத்தான் வயிறு பெரிசு.” அவரும் விடவில்லை.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பட்டியைக் கழற்றி மற்றக் கையில் சுற்றிப் பார்த்தா. “நாளைக்கே போகவேணும் தம்பி” என்றா.

“நாளைக்கு வலை அக்கா. பாப்பம்.”

பாப்பம். நீங்களும் இதைச் சொன்னீர்கள் அல்லவா?

பிள்ளை பெறுகிறவளைத் தேடி இந்தச் சண்டைக்குள்ளும் மிட்வைவ் அக்கா சைக்கிளில் வீடு வீடாகப் போகிறா. தாய்மாரைத் தேடிப் போகவேண்டும் என்று எப்போதோ ஒரு அரசாங்கம் திட்டம் போட்டதால் வந்த பழக்கம் அது. ஆம்பிளைகளையும் தேடிப் போகவேண்டும் என்று ஏன் ஒருவரும் திட்டம் போடவில்லை? ‘எந்த அரசாங்கம் பிள்ளை?’ என்று சிரிப்பீர்கள். எதுவாகவும் இருக்கட்டும். எங்கள் குளிசையைப் பறித்துக் கொடுக்கச் சொல்லவில்லை. வலை காயும் பின்னேரத்தில் கடற்கரை வாடிக் கொட்டிலுக்கு ஒரு பிறசர் மெசின் வரட்டும். கை நோவும் நெஞ்சு வருத்தமாக இருக்கலாம் என்று பூசை முடிய யாராவது சொல்லட்டும். வேண்டுமென்றால் அவர்களே வருவார்கள் என்று விட்டால், வரமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கெஞ்சினேன், சண்டை பிடித்தேன். மனுசன் அசையவில்லை. கடைசியில், “எனக்கு நெஞ்சுக்குள்ள ஏதோ செய்யுது” என்றேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. “ஏனப்பா முதலே சொல்லேல்லை? வலையாவது கிலையாவது. காலமை முதல் பஸ்ஸில போவம்.” வலைச் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு வருவதற்கு ஓடினார். “ஓடாதேங்கோ” என்று பின்னால் கத்தினேன். அவருக்கு விளங்கவில்லை.

எனக்காக ஒரு சொல்லில் கயிற்றை விடுகிறவர், தனக்காக விடமாட்டார். இது என்ன மனம் அப்பா? நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. நெஞ்சு உண்மையாகவே அடித்துக்கொள்கிறது. நித்திரையில் அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். கொஞ்சம் இடறினாலும் பேனை நின்றுவிடுகிறது.

நாளைக்குத் துண்டு எழுதுகிறவர், வருத்தம் யாருக்கு என்று கேட்பார். நான் அன்ரனின் பெயரைச் சொல்லுவேன். எல்லோருக்கும் முன்னால் கோபிப்பார். கோபிக்கட்டும். என்னோடு கோபித்துக்கொண்டிருக்க எனக்கு அவர் வேண்டும். பெயரை மாற்றிச் சொல்லமாட்டேன், அவர் இல்லாமல் அந்த வாசலை விட்டு வரவும் மாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் மூத்த மகள்,
ஜெசிந்தா