தின்னாத புழு

அண்ணி,

இன்று காலை ஒரகடம் கம்பெனி கேன்டீனில் ஒரு முட்டைக்கோஸை வெட்டினார்கள். உள்ளே பச்சையாக ஒரு புழு, உயிரோடு. மேனேஜர் அதை இலையோடு டம்ளரால் மூடிவைத்துவிட்டு, காய்கறி வாங்கும் என்னைக் கூப்பிட்டனுப்பினார். குற்றவாளியைப் பார்த்ததும் உங்கள் நினைவு வந்தது. தவறாக நினைக்காதீர்கள்.

தொண்ணூற்றொன்றில் நான் ஸ்ரீபெரும்புதூரில் பூச்சிமருந்துக் கடையில் வேலை பார்த்தேன். அங்கே எனக்குக் கற்பித்த பாடம் இரண்டே வரி. புழு சாகவில்லையென்றால் கூடுதலாக அடிக்கச் சொல். ஆள் மயங்கினால், வெறும் வயிற்றில் அடித்தார் என்று சொல்.

உங்கள் கணவர், ஊர் முறையில் எனக்கு அண்ணன், மண்ணூர்க் கழனியில் தெளிப்பானோடு சுருண்டு விழுந்து, ஆஸ்பத்திரியிலிருந்து நடுங்கும் கைகளோடு திரும்பியபோது அந்த இரண்டாம் வரியை ஒப்பித்தேன். நீங்கள் கத்தவில்லை.

"ஏழு இட்லி துன்னுட்டுத்தான் போனாரு. பக்கத்துல குந்திக்கினு நீயும் துன்ன."

உண்மைதான். மருந்து கொண்டுவந்த எனக்கும் நீங்கள்தான் பரிமாறினீர்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த வயதில் அதற்குப் பெயர் விசுவாசம்.

இனி அந்தப் பாட்டில் கழனிக்குள் வராது என்றீர்கள். இந்தத் தடவையும் கோஸ் போனால் கழனி மனை போடுகிறவருக்குத்தான் என்றார் உங்கள் மாமனார். நடுவில் ஒரு வேளாண் அலுவலர் சோதனைக்காக ஒரு பொட்டலம் கொடுத்தார், கையெழுத்து வாங்கினார், மாற்றலாகிப் போனார். மண்ணில் இயல்பாக வாழும் நுண்ணுயிராம். இலையோடு புழுவின் குடலுக்குள் போனால்தான் வேலை செய்யும், மனிதனை ஒன்றும் செய்யாது, வெயில் ஆகாது. நீங்கள் வெயில் தாழ்ந்தபின் தெளித்தீர்கள். மண்ணைக் கரைத்து அடித்தால் புழு குளித்துவிட்டுத் தின்னும் என்றார் மாமனார்.

விடிந்து பார்த்தால் அத்தனை புழுவும் இருந்தது. மாமனார் கடைக்கு ஆள் அனுப்ப, நான் கடையிலேயே கடுமையான பாட்டிலோடு சைக்கிளில் வந்து நின்றேன்.

"இன்னா மருந்துக்காரரே, மிச்சம் இருக்கறவங்களையும் சாய்க்க வந்துகீறியா?"

புழு சாகவில்லையே அண்ணி என்றேன்.

"சாவலதான். துன்னுதா பாரு. துன்னாத புழு இருந்தா இன்னா, செத்தா இன்னா?"

என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, ஓர் இலையில் புழு கடித்த ஓட்டையைச் சுற்றிக் கோடு போட்டீர்கள். புழுவோடு அந்த இலையை ஊறுகாய் பாட்டிலில் போட்டு என் கையில் கொடுத்தீர்கள். மூன்று நாளில் அது கோட்டைத் தாண்டினால் என் மருந்தை நீங்களே அடிப்பதாகச் சொன்னீர்கள். மாமனாரும் அதற்கு ஒப்புக்கொண்டார். தோற்கப் போகிறவர்களிடம் அவர் தாராளமாக இருப்பார்.

கடை மேசையில் விஷப் பாட்டில்களுக்கு நடுவே அதை வைத்தேன். முதல் நாள் புழு அசைந்தது, தின்னவில்லை. இரண்டாம் நாள் சுருங்கியது. மூன்றாம் நாள் கறுத்து இலையில் ஒட்டிக் கிடந்தது. கோடு அப்படியே இருந்தது. உயிரோடு இருந்தும் வாய் திறக்காத ஒன்றை மூன்று நாள் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சௌகரியமாக இல்லை.

மருந்து வாங்க வந்த ஒருவர் இது என்ன என்றார். சொன்னேன். அவர் கேட்காத ஏழு இட்லியையும் சொன்னேன். முதலாளி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் முதல் எனக்கு அங்கே வேலையில்லை.

உங்கள் வீட்டுக்குத்தான் வந்தேன். "இப்பனாச்சும் வாய தொறந்தியே" என்று தட்டு வைத்தீர்கள். மாமனார் கோஸ் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு நடந்தார். மனைக்காரர் இன்னும் இரண்டு தடவை வந்து மோர் குடித்துவிட்டுப் போனார்.

போன மாசியில் உங்களை அடக்கம் செய்த அன்றும் அந்தக் கழனியில் கோஸ் நின்றது. மூன்று பக்கமும் கம்பெனிச் சுவர்.

மேனேஜர் இன்று ஒரு காகிதம் நீட்டினார். புழுவே விழாத அளவுக்குக் கூடுதலாக மருந்தடிக்கச் சொல்லி விவசாயிகளுக்கு உத்தரவு. நான் கையெழுத்துப் போட வேண்டும். பாடம் மாறவில்லை அண்ணி, மேசைதான் மாறியிருக்கிறது. டம்ளருக்குள் புழு நன்றாகத் தின்றுகொண்டிருந்தது. புழு கடித்த இலைகளைக் களைந்துவிட்டு மிச்சத்தைப் பொரியல் செய்யச் சொன்னேன். முதல் தட்டை நானே சாப்பிட்டேன். பிறகு பேனாவை எடுத்து, கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் எழுதினேன்:

"சம்மதமில்லை. காலையில் ஏழு இட்லி சாப்பிட்டிருக்கிறேன்."