கல்லறைக்கு வழி கேட்டவர்கள்

மனூசோஸ்,

முழங்கால் வலி பரவாயில்லை. ஆடுகள் நலம். மேல்தோட்டத்துத் திராட்சை இந்த வருஷம் நன்றாகப் பழுத்திருக்கிறது.

நேற்று மத்தியானம் ஏதென்ஸ்காரர்கள் இருவர், கணவன் மனைவி, மலையேறி வந்தார்கள். துறைமுகத்தில் உன் கடையில் சாப்பிட்டவர்களாம். கையில் வெள்ளைப் பூக்கள். கல்லறைத் தோட்டத்துக்கு வழி கேட்டார்கள். வெயிலில் வந்தவர்களை உட்காரவைத்து, ரோஸ்மேரி போட்டு வறுத்த நத்தையும் பார்லி ரொட்டியும் வைத்தேன். நீ மாதாமாதம் வண்டி அனுப்பி எடுத்துப்போகும் வைனையே ஊற்றினேன்.

ஒரு வாய் குடித்ததும் அந்த அம்மாள் நிமிர்ந்தாள்.

"இது மனூசோஸ் கடை வைனாச்சே! செத்துப்போன பொண்டாட்டி கடைசியா போட்டதுன்னு சொன்னாரே. சொல்லும்போதே அழுதுட்டார், பாவம்."

"அவ கல்லறையில பூ வைக்கத்தான் வந்தோம்," என்றார் கணவர். "நல்லவேளை, கடையில சமைக்கிற பொண்ணு அவருக்குத் துணையா இருக்கா. அடுத்த மாசம் கல்யாணமாம்."

நத்தையைக் குத்தி எடுக்க ஊசி வேண்டுமா என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

"நீங்க அவளுக்கு என்ன உறவு?" என்றாள் அந்த அம்மாள்.

"சின்ன வயசுலேர்ந்து அவகூடவே இருக்கேன்," என்றேன். பூக்களை நானே வைத்துவிடுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அவர்கள் தட்டை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இனி வண்டி அனுப்பாதே. சனிக்கிழமை நானே கீழே வருகிறேன். அந்தப் பெண்ணைக் கடையில் இருக்கச் சொல். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவளிடமும் நீ அழுதுதான் சொல்லியிருப்பாய்.

உயிரோடிருக்கும்
உன் மனைவி