அந்தப் பெயரை நான் சொல்லமாட்டேன்

பெப்ரவரி 3, செவ்வாய்

மைனஸ் பதினெட்டு. ட்ரைவ்வேயில் பனி இறுகிக் கிடக்கிறது. உப்பு முடிந்தது.

வாங்க: உப்பு (பனிக்கு), உள்ளி, நல்லெண்ணெய், டயப்பர் ஆகச் சின்னது, சரக்குத்தூள்.

தம்பி பெண்சாதி வெள்ளிக்கிழமை பெற்றாள். ஞாயிறு வீட்டுக்கு வந்தாச்சு. ஆண்பிள்ளை, தலைச்சன். அவள் பெயர் ரமத்து. நைஜர் நாட்டுக்காரி, ஸர்மா சனம், முஸ்லிம். நைஜீரியா இல்லை, நைஜர். தம்பி சுதன் நூறு தரம் திருத்திவிட்டான். இனி இதில் சு., ர. அவ்வளவுதான். முழுப் பெயர் எழுதப் பொறுமை இல்லை.

விடிந்ததும் ஊரிலிருந்து அவள் தாய் போனில். நித்திரை எப்படி, களை எப்படி, வீடு எப்படி, வீட்டு ஆட்கள் எப்படி, குளிர் எப்படி. எல்லாவற்றுக்கும் இவளிடம் ஒரே பதில்: சுகம்தான். பெற்ற உடம்பு நோகிறதென்று தாய்க்குக்கூடச் சொல்லமாட்டாள். சு. அதை எனக்கு மொழிபெயர்த்துப் பூரிக்கிறான்.

வேலையில் லீவு போட்டு, பெற்ற உடம்புக்கென்று மிளகு, மல்லி அரைத்த சரக்குக்கறி வைத்துக் கொடுக்கிறேன். வழித்துச் சாப்பிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பரவாயில்லை, இரண்டு வருஷமாக அப்படித்தான். பிள்ளை வீரிட்டு அழுதது. அதன் முகத்தையும் பார்க்கவில்லை. "அக்கா, அது அழுகுது" என்றாள். இந்த ஒரு வரித் தமிழ் மட்டும் எங்கே படித்தாளோ. அது!

நான்தான் தூக்கினேன்.

பெப்ரவரி 5, வியாழன்

ஏழாம் நாள். பெயர் வைத்தார்கள். வாசலில் சப்பாத்து மலை. என் வீடு, எனக்குத்தான் நிற்க இடமில்லை.

ஹலால் கடையில் சொல்லி ஆடு. சாமான் பெட்டியோடு மொன்றியலிலிருந்து அவள் சித்தி. தினைமா களி, வெண்டிக்காய்க் குழம்பு, அதற்குள் ஏதோ புளிக்க வைத்த விதை. கருவாடு பொரிக்கிற வீட்டில் நாற்றம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் நாறியது. சாமி அறைக் கதவைச் சாத்தி, அடியில் துவாய் வைத்து அடைத்தேன்.

அவளின் மாமன் மகன் ஒருத்தன் வந்து அவளைக் கண்டபடி பேசினான். ஒரு கழுதையைக் கொடுத்துக்கூட உன்னை வாங்க ஆளில்லையே என்றானாம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பு. அவளும் விடவில்லை.

"மச்சான் பகிடி அக்கா. எங்களுக்கும் இருக்குத்தானே," என்றான் சு.

இருக்கு. கழுதைவரை போவதில்லை.

பிள்ளைக்குத் தலை வழித்தார்கள். இமாம் பெயரைச் சொன்னார்: ஸெய்னி. அவளின் தகப்பனின் பெயர். நட்சத்திரம் பார்த்து, ஐயரிடம் எழுத்துக் கேட்டு, நான் எடுத்து வைத்த கபிலன் எங்கே? கேட்டேன். சு. இறைச்சித் தட்டைத் தூக்கிக்கொண்டு போனான்.

அந்தப் பெயரை என் வாயால் சொல்லமாட்டேன். எழுதி வைக்கிறேன்.

பகல் முழுக்கப் பிள்ளை சித்தியின் மடியில், இல்லையென்றால் என் மடியில். பெற்றவள் மூலையில், சுவரைப் பார்த்தபடி. தாயா இது?

பெப்ரவரி 6, வெள்ளி

சித்தி மொன்றியலுக்குத் திரும்பிவிட்டாள். போகுமுன் என் கையைப் பிடித்து ஏதோ நீளமாகச் சொன்னாள். பிரெஞ்ச். விளங்கவில்லை.

பிள்ளையை நிறுக்க நர்ஸ் வந்தாள். நிறை நல்லம். வெளிக்கிடும்போது வாசலில் வைத்துச் சொன்னேன். தாய் பிள்ளையைத் தூக்குவதில்லை, பார்ப்பதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'அது' என்கிறாள். எல்லாம் உண்மை. ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

நர்ஸ் முகம் மாறியது. "நீங்கள் கண்ணால் கண்டதா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். மனத்துக்குள் ஒரு திருப்தி. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பெப்ரவரி 9, திங்கள்

சிறுவர் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து போன். வெள்ளிக்கிழமை ஒரு பெண் வீட்டுக்கு வருவாளாம். தாயையும் பிள்ளையையும் சேர்த்துப் பார்க்கவேண்டுமாம்.

சு. வேலையிலிருந்து பாதியில் வந்தான். சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை.

"என்னண்டு சொன்னனீங்கள் அக்கா? ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?"

"கண்டதைச் சொன்னன். அவள் பிள்ளையைத் தொடுறாளே? நீயே சொல்லு."

"நீங்கள் நிக்கேக்க தொடமாட்டாள்! முதல் பிள்ளை. புருஷன்ர மூத்த ஆக்களுக்கு முன்னால கொஞ்சினா அவையளுக்கு வெக்கக்கேடு. பேரும் சொல்லமாட்டாள். மரியாதை அக்கா அது. உங்களுக்குக் குடுக்கிற மரியாதை. கலியாணத்துக்கு முன்னமே இதெல்லாம் சொன்னனான்."

சொல்லியிருப்பான். அந்த நாட்களில் அவன் சொன்ன எதற்கும் நான் காது கொடுக்கவில்லை.

"இதென்ன கோதாரி மரியாதை," என்றேன்.

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போட்டாங்களெண்டா?" குரல் உடைந்துவிட்டது. நான் வளர்த்த பிள்ளை. எனக்கு முன்னால் அழுதது அப்பா செத்தபோது மட்டும்தான்.

ர. மேலே அறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

பெப்ரவரி 10, செவ்வாய்

வெயில். கூரையிலிருந்து சொட்டுகிறது.

பின்னேரம் கடைக்கென்று வெளிக்கிட்டு, பையை மறந்து, பின்கதவால் பேஸ்மென்டுக்கு வந்தேன். ட்ரையரில் என் துவாய்கள். குனிந்து எடுக்கும்போது ஹீட்டிங் குழாய் வழியாக அவள் குரல். வீட்டில் யாரும் இல்லையென்று நினைத்திருக்கிறாள்.

ஸெய்னி. ஸெய்னி. ஸெய்னி. பிறகு ஏதோ பாட்டு. பிறகு திரும்பவும் ஸெய்னி. பிள்ளையின் வயிற்றில் வாய் வைத்து ஊதுகிற சத்தம்கூடக் கேட்டது. இந்த வீட்டில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

துவாயை மடித்த பிறகும் நின்றேன். எரிச்சலாக வந்தது. நான் இல்லாவிட்டால்தான் இந்த வீட்டில் சந்தோஷம் என்றால் நான் யார்?

சாப்பிடும்போது அம்மா நினைவு. கனடா வந்த புதிதில் பார்க்டேலில் இருந்தோம். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது அங்கிருந்த பெண் தகப்பன் பெயர் கேட்டாள். அம்மா புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டா, செத்தாலும் சொல்லமாட்டா. திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தகப்பன் யாரென்று தெரியாதோ என்கிற மாதிரி ஒரு பார்வை. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் சொன்னேன். வீடு வரும்வரை அம்மாவோடு கதைக்கவில்லை, அவ்வளவு வெட்கம் எனக்கு.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பெப்ரவரி 12, வியாழன்

சு. பிறம்ரனில் வாடகைக்கு வீடு பார்க்கிறான். போனை மேசையில் திறந்தே வைத்துவிட்டுப் போனான், நான் பார்க்கவென்றே.

"நாளைக்கு அந்த மனிசி வரேக்க நீங்கள் வெளியில போங்கோ," என்றான்.

"என்ர வீடு. நான் ஏன் போகவேணும்?"

ர. கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றாள். நான் உள்ளே போனதும் முழங்கால் மடித்து, நிலத்தைப் பார்த்து, வழக்கம்போல் வணக்கம். பிள்ளையைப் பறிக்க ஆள் கூப்பிட்டவளுக்கும் வணக்கம்! பேசியிருந்தால் நானும் பேசியிருப்பேன். இந்த வணக்கத்தை என்ன செய்வது?

சரக்குக்கறி வைத்தேன். உப்புக் கூடிவிட்டது. அதையும் வழித்துச் சாப்பிட்டாள்.

பெப்ரவரி 13, வெள்ளி

மைனஸ் ஆறு. தெளிந்த வானம்.

அலுவலகப் பெண் சொன்ன நேரத்துக்கு வந்தாள். இளம் பெண், நல்ல மாதிரி. சோபாவில் சு., ர., நடுவில் கூடைக்குள் பிள்ளை. நான் எதிர்க் கதிரையில், அசையவில்லை.

"பிள்ளையின் பெயர் என்ன?"

சு. வாயைத் திறந்தான். "இல்லை, அம்மா சொல்லட்டும்," என்றாள் அவள்.

ர. கார்ப்பெட்டைப் பார்த்தாள். வந்தவள் திரும்பவும் கேட்டாள். பேனா காத்து நின்றது. பிள்ளை சிணுங்கியது. ர.வின் கை சீலையைப் பிடித்து முறுக்கியது, கூடைப் பக்கம் போகவில்லை. சு.வின் முகத்தில் இரத்தமில்லை.

அப்போதுதான் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள், நேராக. இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தரம். அம்மாவின் அதே பார்வை. சனியன், அச்சொட்டாக அதே பார்வை.

"ஸெய்னி," என்றேன்.

வந்தவள் என் பக்கம் திரும்பினாள். "நான் இவனின் மூத்த அக்கா. நான் இருக்கும்வரை இவள் பெயரும் சொல்லமாட்டாள், பிள்ளையைத் தொடவும் மாட்டாள். அது அவர்கள் முறை. எங்களிடமும் இருந்தது. நர்ஸிடம் நான் சொன்னது பிழை. நான் வெளியே போகிறேன், இனிக் கேளுங்கள்."

பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலமே தடுமாறியது. விளங்கியிருக்கும்.

கோட், பூட்ஸ், பனி வழிக்கிற சவல். வெளியே வழிக்கப் பனி இல்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெறுந்தரையை வழித்தேன்.