"யாரையும் சார்ந்தவள் இல்லை"ன்னு அழுத்தின மகளுக்கு

ஹலீனா,

சர்ச் ஹாலுக்கு மீன் பொரிக்கப் போறேன். ஃப்ரிட்ஜுல உருளைக்கிழங்கு வெச்ச பியரோகிக் கொழுக்கட்டை இருக்கு, வெண்ணெய்ல வதக்கிச் சாப்பிடு. பக்கத்துல இருக்கிற இறைச்சி சாசேஜ் ஈஸ்டருக்கு. இறைச்சி தொடக்கூடாத தவக்கால வெள்ளிக்கிழமை அதுவுமா அதுல கை வெச்சே, கடவுள் மன்னிச்சாலும் நான் மன்னிக்க மாட்டேன்.

உன்னை என்னைச் சார்ந்தவள்னு காட்டி நான் அனுப்பின வருமான வரிக் கணக்கு திரும்பி வந்துடுச்சு. ஏன்னு பார்த்தா, ஐஸ்கிரீம் கடைச் சம்பளத்துக்கு நீ ஃபோன்லயே தனியா கணக்கு அனுப்பியிருக்கே. "உங்களைத் தன்னைச் சார்ந்தவர்னு வேற யாராவது காட்ட முடியுமா"ன்னு கேட்ட இடத்துல "முடியாது"ன்னு அழுத்தியிருக்கே. கிறிஸ்துமஸ் அன்னிக்கு "நான் யாரையும் நம்பி இல்லை"ன்னு என்கிட்ட கத்தினது போதாதுன்னு அரசாங்கத்துக்கும் சொல்லிட்டியா? அங்க உன் ரோஷத்தை யாரும் கேக்கலடி. யாரு சோறு போடறாங்கன்னு கேக்கறாங்க. காலேஜ் ஃபீஸ், கார் இன்ஷூரன்ஸ், நீ மூட்டை கட்டிட்டு வந்த அழுக்குத் துணிக்கு சோப்பு, எல்லாம் யாரு?

லேப்டாப் மேஜை மேல இருக்கு. நான் வர்றதுக்குள்ள திருத்தின கணக்கை அனுப்பி வை. நீ சொந்தமா சம்பாதிச்சு நின்னதும் என் கணக்குலேர்ந்து உன் பேரை நானே எடுத்துடறேன். அதுவரைக்கும் விட மாட்டேன்.

பக்கத்து வீட்டு ஸ்டான்லி ஏணி கேட்டு வருவார். கராஜ் சாவி ஆணியில தொங்குது.

அம்மா

வரியில மிச்சமாகிற காசுக்காகன்னு நினைக்காதே. அப்பா போனதுக்கப்புறம் அந்தக் கணக்குல என் பேருக்குக் கீழ இருக்கிற ஒரே பேரு உன்னோடது. நேத்து அதை எடுத்துட்டு அனுப்பிடலாமான்னு அழிச்சுப் பார்த்தேன். பார்க்கச் சகிக்கலை.