சோடியின் மற்றத் துப்பாக்கி

நவம்பர் 12, புதன். ஹனோவர்.

இரண்டு மாதமாகத் தேடிய கைத்துப்பாக்கி ஆஹெனில் இருக்கிறது. எங்கள் பழம்பொருள் கடையின் விளம்பரத்தைப் பார்த்து, அங்கே ஒரு ஜெர்மன் மூதாட்டியைப் பராமரிக்கும் செல்வியக்கா, அது அந்த அம்மாவிடம் இருப்பதாக எழுதியிருந்தா. சோடியில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தேடச் சொன்னவர் நாலு மணிக்கு வந்தார். விலாசத்தைக் கொடுத்தேன். விலையைக்கூடக் கேட்கவில்லை. தன் துப்பாக்கிப் பெட்டியோடு காரில் ஏறிப் போய்விட்டார்.

கடை பூட்டும்போது செல்வியக்கா போன் பண்ணினா.

"தம்பி, ஒருத்தருக்கும் விலாசம் குடுக்காதேங்கோ. மற்றது அம்மான்ர பழைய புருசனிட்டையாம். அந்தாளுக்குப் பயந்துதான் இஞ்சை வந்து இருக்கிறாவாம். இப்பதான் சொல்லுறா."

"குடுத்திட்டன், அக்கா. கதவைப் பூட்டுங்கோ."

பொலிசுக்கும் சொன்னேன். ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

ஆஹெனுக்கு நாலு மணித்தியால ஓட்டம். இப்போது ஒன்பதரை. செல்வியக்கா போனை எடுக்கவில்லை.