சீனத்து முத்தம்மா சொன்ன கடைசி வார்த்தை

அன்புள்ள அக்கா,

நேற்றுக் காலை கம்பெனி வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கைபேசியில் ஒரு சீன நாடகம் பார்த்துக்கொண்டு வந்தாள். பட்டு உடுத்திய ஒருத்தி பனியில் நடந்து போனாள். பின்னணியில் ஒரு தந்திக் கருவி இழுத்து இழுத்து அழுதது. வேன் மேம்பாலம் ஏறும்போது அந்தப் பெண் கைபேசியை மடியில் போட்டுவிட்டு, "சப்புனு முடிச்சுட்டாங்கக்கா. இதுக்கா இத்தன நாள் கண்ணு முழிச்சேன்?" என்றாள். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீங்கள் மண்ணுக்குப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த அழுகை இசையைக் கேட்டால் உங்கள் குரலும் சேர்ந்தே கேட்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நீங்கள் எக்ஸ்போர்ட் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் பக்கத்து யூனிட்டில் செக்கிங். ஒரே காம்பவுண்டில் எதிரெதிர் வீடு. பினாங்கில் துணிக்கடை வைத்திருந்த உங்கள் அண்ணன் ஊருக்கு வந்தபோது ஒரு வீடியோ டெக்கும் பெட்டி நிறையக் கேசட்டும் கொண்டுவந்தார். எல்லாம் ஒரே கதை, ஒரே நாடகம். பேச்சு சீனம், அடியில் ஓடிய எழுத்து இங்கிலீஷ். அதை வாசிக்கத் தெரிந்தவர் காம்பவுண்டிலேயே நீங்கள் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு உண்டுவிட்டு, பனியன் வேஸ்ட் துணி அடைத்த தலையணைகளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் எல்லோரும் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவோம். நீங்கள் டிவிக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து வாசித்து வாசித்துத் தமிழில் சொல்வீர்கள். மாமியார் பேசினால் மூக்கால் பேசுவீர்கள். அதிகாரி பேசினால் தொண்டையைக் கனைத்துக்கொள்வீர்கள். அசர் தொழுகைக்கு நீங்கள் எழுந்து போனால், திரையில் யாராவது கையை ஓங்கியபடி அசையாமல் நிற்பார்கள். நீங்கள் வரும்வரை நாங்களும் அப்படியே இருப்போம்.

நாயகியின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. பாக்கியம்தான் அவளுக்கு முத்தம்மா என்று பெயர் வைத்தாள். பாக்கியம் சாத்தூர்ப் பக்கத்துக்காரி, ஓவர்லாக் டெய்லர். புருஷன் விட்டுவிட்டுப் போனபின், நடக்கப் பழகிய மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுத் தனியாகத் திருப்பூருக்கு வந்தவள். முத்தம்மாவும் அப்படித்தான். வெள்ளத்தில் கைக்குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு ஊர் ஊராகத் தேடினாள். சாயப்பட்டறையில் பட்டு அலசினாள். பிறகு பட்டறைக்கே முதலாளி ஆனாள். தேடுவதை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கலைந்து போகும்போது பாக்கியம் கேட்பாள்: "பிள்ள கெடச்சிருவாம்லா, அக்கா?"

"எனக்கென்ன தெரியுமுங்க, நானும் உங்களாட்டத்தான பாக்கறேன்" என்பீர்கள்.

கடைசிக் கேசட்டுகள் அந்தப் பெட்டியில் இல்லை. அண்ணனின் சிநேகிதர் யாரோ ஊருக்கு வரும்போது கொண்டுவர வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் காத்திருந்தோம். இடையில் பொங்கலுக்கு ஊருக்குப் போய்வந்த பாக்கியம், சாயங்காலம் குழாயடியில் என்னிடமும் உங்களிடமும் சொன்னாள். மகள் பாட்டியை அம்மா என்கிறாளாம், இவளைச் சித்தி என்கிறாளாம். மாமியார், "அப்படியே இருக்கட்டும், பிள்ள மனசக் கலைக்காத" என்றாளாம். "நானும் சரின்னுட்டு வந்துட்டேன்" என்று சொல்லிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கேசட்டும் வந்தது. அன்று அறையில் மூச்சுவிட இடமில்லை. முத்தம்மாவின் மகன் பெரிய அதிகாரியாகி அவள் பட்டறைக்கே பட்டு வாங்க வருகிறான். அவன் மணிக்கட்டில் குழந்தையிலேயே இருந்த தழும்பைப் பார்த்து அவளுக்கு விளங்கிவிடுகிறது. அவள் கண் கலங்குவதைக் கண்டு, "என்னை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்கிறான். முத்தம்மா வாயைத் திறந்து ஏதோ சொன்னாள். அடியில் எழுத்து ஓடியது. நீங்கள் சொல்லவில்லை.

பத்தாவது படித்த இங்கிலீஷில் எனக்கு அந்த ஒரு வரி மட்டும் புரிந்துவிட்டது. நீங்கள் பாக்கியத்தைப் பார்த்தீர்கள். 'மாற்றிச் சொல்லிவிடுங்கள் அக்கா, யாருக்குத் தெரியப்போகிறது' என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"என்னக்கா சொல்லுதா?" என்றாள் பாக்கியம்.

"'இல்லீங்க. வேற யாரோன்னு நெனச்சுட்டேன்'ங்கறா" என்றீர்கள்.

முத்தம்மா பனியில் நடந்து போனாள். அவ்வளவுதான், திரையில் சீன எழுத்தில் பெயர்கள் ஏறத் தொடங்கிவிட்டன. யாரோ ஒருத்தி, "மகனோட உத்தியோகத்துக்குப் பங்கம் வரக்கூடாதுன்னு தியாகம் பண்ணீட்டாளுங்க" என்றாள்.

பாக்கியம் எழுந்துவிட்டாள். "என்ன தியாகம்? இத்தன வருசம் தேடுனது இதச் சொல்லவா? வாய் எங்க போச்சு அவளுக்கு? எளுதுனவன் பெத்திருந்தாத் தெரியும்!" தலையணையைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

உங்களோடு எனக்கு அன்றுதான் முதல் சண்டை. "அவ கதை தெரிஞ்சும் அப்படியே சொல்லீட்டீங்களே. பையன் கால்ல உளுந்து அம்மானு கூப்பிட்டான்னு சொன்னா என்னங்க கொறஞ்சு போயிருக்கும்?" என்றேன்.

நீங்கள் டெக்கின் ஒயரைப் பிடுங்கிச் சுற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "எனக்கும் நாக்கு வரைக்கும் வந்துது கண்ணு. ஆனா பொய்யச் சொல்லிச் சந்தோசமா ஊட்டுக்கு அனுப்புனா, நாளைக்கு அவ என்ன பண்ணுவா? மறுக்கா சித்தியாவே இருப்பா. இப்பக் கோவமாச்சும் வந்துதே."

அந்தக் கோபம் உங்களுக்கும் இருந்தது. பூத்துக்குப் போய் பினாங்குக்கு போன் போட்டு, "இந்தக் கெரகத்த எதுக்கு அனுப்புனே?" என்று அண்ணனை வைதீர்கள். அவர் அந்த நாடகத்தைப் பார்த்ததே இல்லையாம்.

மறுநாள் பாக்கியம் வேலைக்கு வரவில்லை. அந்த வாரக் கடைசியில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். அந்தப் பிள்ளை போட்ட கூச்சலில் காம்பவுண்டே வாசலுக்கு வந்தது. பாக்கியத்தின் முழங்கையில் பல் பதிந்த தடம் இருந்தது. அவள் உங்களைப் பார்த்து, "சொல்லிட்டேன்க்கா. நாந்தான் ஒன் அம்மைன்னு அத்தன பேரு முன்னால சொல்லிட்டேன்" என்றாள். நீங்கள் உள்ளே போய்ப் பிள்ளைக்குப் பால் காய்ச்சினீர்கள். நானும் பின்னாலேயே வந்தேன். "தப்புப் பண்ணீட்டனோ கண்ணு?" என்று என்னிடம் மட்டும் கேட்டீர்கள்.

மாதங்கள் போயின. பிள்ளை பள்ளிக்கூடம் போனது, சோறு உண்டது, பெற்றவளைச் சித்தி என்றே கூப்பிட்டது. பாக்கியம் திருத்தவும் இல்லை, அழவும் இல்லை. பிறகு தண்ணீர் சரியாக வராத ஒரு கோடையில், குழாயடியில் யாரோ பாக்கியத்தின் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். அந்தச் சின்ன உருவம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து கத்தியது: "ஏய், அது எங்கம்மா கொடம்!" பாக்கியம் கேட்காதவள்போலக் குனிந்து குழாயைத் திருகிக்கொண்டே நின்றாள். தண்ணீர் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. நீங்கள்தான் வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டீர்கள்.

இப்போது எங்கள் கம்பெனியில் பாதிப்பேர் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள். காதால் கேட்டுக் கேட்டு இந்தி பிடித்துக்கொண்ட நான்தான் மேனேஜருக்கும் அவர்களுக்கும் நடுவில் நிற்கிறேன். சென்ற வாரம் ஒரு பெண் தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்டாள். "போனா திரும்பி வரவேண்டாம்னு சொல்லுங்க" என்றார் மேனேஜர். 'அப்புறம் பார்க்கலாம் என்கிறார்' என்று சொல்லி அனுப்புவது எனக்குச் சுலபம். இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டு போயிருப்பார்கள். நான் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் முகம் சிவந்து, நிமிர்ந்து நின்று ஏதோ கேட்டாள். அதையும் அப்படியே தமிழில் அவரிடம் சொன்னேன்: "உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு நீங்க போகாம இருந்தீங்களான்னு கேக்கறாளுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை, அக்கா.